என் கட்டைவெரலுக்கு ஒண்ணுமில்லீங்க

பிப்ரவரி 10, திங்கள்

அரிசி மண்டிக்காரர் குடுத்த டைரி இது. ஜனவரி பூராவும் பீரோ மேல சும்மா கெடந்துச்சு. நேத்து எங்கூட்டுக்காரர் கனகராஜ் அதை எடுத்துத் தொடச்சு, பக்கத்துல ஒரு பேனாவையும் வெச்சு, "தெனம் நாலு வரி எழுதுனா வெரலுக்கு நல்லதாமா வசந்தா, டிவில சொன்னாங்க" அப்படீங்கறாரு. என் வெரலுக்கு என்ன கேடு? ஒண்ணுமில்ல. மில்லுல இருந்து ரிட்டையர் ஆன மனுசனுக்குப் பொழுது போகோணுமே, அதுக்கு என்னைப் புடிச்சுக்கிட்டாரு. இருந்தாலும் நல்ல தாளா இருக்குது. வீணாப் போகக்கூடாதுன்னு எழுதறேன்.

முதல் நாள்ங்கறதால என்னைப் பத்தி எழுதி வெக்கறேன். பேரு வசந்தாமணி. நர்ஸ். கோயமுத்தூர்ல ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி, அங்க எம்.ஆர்.ஐ. மெஷின் வந்த நாள்லயிருந்து அந்த ரூம் சிஸ்டர் நான்தான். ஆளை அந்தக் காந்தக் குகைக்குள்ள படுக்க வெச்சுக் கொஞ்சம் படம் எடுத்ததும், கையில இருக்கற நரம்பு வழியா ஒரு மருந்து ஏத்தோணும். ஈரல் வேற, கட்டி வேறன்னு படத்துல பிரிச்சுக் காட்டறது அந்த மருந்துதான். அது ஒரே வெசையாப் போகோணும். வெசை கூடுனாலும் தப்பு, கொறஞ்சாலும் தப்பு. பெரிய ஆஸ்பத்திரிகள்ல அதுக்குன்னே ஒரு மெஷின் வெச்சிருக்கறாங்க. வெளிநாட்டுச் சாமான், எங்க டிரஸ்ட்டு வாங்கற வெலையில இல்ல. எங்க ஆஸ்பத்திரியில அந்த மெஷின் என்னோட வலது கைக் கட்டைவெரல்.

ராத்திரிக்கு ராகிக் களி, கீரை.

பிப்ரவரி 13, வியாழன்

ஊறுகா பாட்டல் மூடி வரவே இல்ல. கம்பெனிக்காரனுக எதுக்கு இத்தனை இறுக்கமா மூடறானுகளோ. அவரு வந்து தொறந்து வெச்சுட்டுப் போனாரு.

ஆஸ்பத்திரியில மனசு சரியில்லாத நாள். போன வாரம் எடுத்த படத்துல ஒண்ணை மறுபடியும் எடுக்கோணும்னு டாக்டர் சுதர்சன் சொல்லிட்டாரு. மருந்து நின்னு நின்னு போயிருக்குதாம். "நரம்பு சரியில்லாத பேஷன்ட்டுங்க டாக்டர்"னு சொன்னேன். "இருக்கலாங்க சிஸ்டர்"னாரு. நாப்பது வயசு டாக்டர், மரியாதை தெரிஞ்ச புள்ளை. ஆனா அந்தம்மா ஆனைமலையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவங்க. திரும்பவும் வரச்சொல்லி நான்தான் போன் பண்ணுனேன். "எம்மேல ஏதாச்சும் தப்புங்களா"ன்னு கேட்டாங்க. இல்லீங்கம்மான்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன்.

ஸ்டோர் பக்கம் போய் ரங்கநாயகியைப் பாத்துட்டு வந்தேன். ஆபரேஷன் தியேட்டர்ல ராணியாட்டம் இருந்தவ. முதுகு போனதும் ஸ்டோர்ல போட்டுட்டாங்க. பஞ்சு பண்டலுக்கும் கையுறைப் பொட்டிக்கும் காவல். ஊசி புடிக்க முடியாத நர்ஸுக்கு வேற எடம் எங்க இருக்குது? எனக்கு அந்த ஸ்கேன் ரூமை விட்டா வேற எங்கயும் இருக்கப் புடிக்காது. நான் அங்க போயிருவேன்னு சொல்லலை. சும்மா எழுதறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வந்துட்டா ஒருத்தி. ஷமீனான்னு பேரு. இருபத்தாறு வயசு, இன்ஜினியர். உக்கடத்துல அவங்கத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மோட்டார் காயில் கட்டற கடை. டாக்டர் சுதர்சன்தான் கூட்டிட்டு வந்தாரு. "சிஸ்டர், இவங்க நமக்குக் கொறஞ்ச செலவுல மருந்து ஏத்தற மெஷின் ஒண்ணு செய்யப்போறாங்க. நீங்கதான் கூட இருந்து ஒத்தாசை பண்ணோணும்."

எனக்குப் பதிலா வரப்போற மெஷினுக்கு நானே ஒத்தாசை பண்ணோணுமாம். எப்படி இருக்குது கதை. சரிங்க டாக்டர்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

அந்தப் புள்ளை என்னமோ கல்யாண வீட்டுக்கு வந்தவளாட்டம் சிரிச்சுக்கிட்டே பேசறா. "ஸ்கேன் ரூமுக்குள்ள இரும்பு போகக்கூடாது, மோட்டார் போகக்கூடாது இல்லீங்களா சிஸ்டர்? அதனால மோட்டாரை வெளியிலயே வெச்சுருவோம். வெளியில ஒரு பெரிய சிரிஞ்சு நெறையத் தண்ணி. அதை மோட்டார் தள்ளும். தண்ணி நீளமான பிளாஸ்டிக் குழாய் வழியா சுவத்துல இருக்கற ஓட்டையில உள்ள வரும். உள்ள இன்னொரு சிரிஞ்சு, அதைத் தண்ணி தள்ளும். அது மருந்தைத் தள்ளும். உள்ள இருக்கறது எல்லாமே பிளாஸ்டிக்கு."

"தண்ணி தள்ளுமா"ன்னு கேட்டேன்.

"தள்ளுமுங்க. பம்புசெட்டு செய்யற கோயமுத்தூர்ல பொறந்துட்டுத் தண்ணி தள்ளாதுன்னு சொல்லலாங்களா?"

வாய் இருக்குது. பாக்கலாம்.

மார்ச் 4, செவ்வாய்

ஷமீனா இன்னிக்கு ஒரு சிரிஞ்சுக்குள்ள வயரெல்லாம் வெச்சுக் கொண்டாந்தா. "நீங்க எப்படித் தள்ளறீங்களோ அப்படியே மெஷினுக்குச் சொல்லித் தரோணும் சிஸ்டர். தள்ளுங்க, கம்ப்யூட்டர்ல கோடு வரும்"னா. ஒரு கிண்ணத்துக்குள்ள தண்ணியைத் தள்ளுனேன். கோடு நேரா வராம கொசு பறக்கறாப்ல நெளிஞ்சு நெளிஞ்சு வந்துச்சு. இன்னொருக்கா தள்ளுனேன். பாதியில கோடு பள்ளத்துல விழுந்து எந்திரிச்சுது.

வயர்ல ஏதோ கோளாறுன்னு சொன்னேன். அவ கோட்டையே சித்த நேரம் பாத்துட்டு இருந்தா. அப்பறம் என் மொகத்தைப் பாத்தா. "ஆமாங்க சிஸ்டர், வயர்தான். நான் பாத்துக்கறேன்"னு சொல்லிப்போட்டு கம்ப்யூட்டரை மூடிட்டா. நல்ல வேளை, டாக்டர் அந்தப் பக்கம் வரலை.

காயில் கடைக்காரர் மகளுக்கு வயர் சரியாக் கட்டத் தெரியலை பாருங்க.

மார்ச் 5, புதன்

இன்னிக்கு எழுதலை. பேனா சரியில்ல.

மார்ச் 20, வியாழன்

சிரிச்சு சிரிச்சு வயிறு நோவுது. மெஷினோட முதல் ஓட்டம் இன்னிக்கு. பேஷன்ட் யாரும் இல்லாத மத்தியான நேரம். ஷமீனா வெளியில பட்டனைத் தட்டுனா. உள்ள நான் கிண்ணத்தோட நிக்கறேன். ஒண்ணும் வரலை. டாக்டர் சுதர்சன் உள்ள வந்து, "ஏனுங்க சிஸ்டர், அடப்பா"ன்னு குழாய்கிட்டக் குனிஞ்சாரு. அந்த நேரம் பாத்துப் பொத்துக்கிட்டு அடிச்சுது தண்ணி, நேரா மூஞ்சியில. மூக்குக் கண்ணாடி பூரா தண்ணி. ஷமீனா வெளியில நிறுத்து பட்டனைத் தட்டிட்டா, ஆனா இங்க நிக்கலை. கொழந்தை ஒண்ணுக்குப் போறாப்ல சொட்டிக்கிட்டே இருக்குது.

குழாய்க்குள்ள காத்துக் கொமிழி இருந்தா இப்படித்தானாம். தண்ணி அமுங்காது, காத்து அமுங்குமாம். அதனால தள்ளறப்பத் தாமதமா வரும், நிறுத்துனா நிக்காம வரும். மருந்து அப்படி வந்தா ஆளுக்கு ஆகாது. ஷமீனா கேன்டீனுக்குப் போய்ப் பெரிய போசியில தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வெச்சுட்டு வந்தா. கொதிச்ச தண்ணியில காத்து இருக்காதாம். கேன்டீன்காரரு, டீத்தண்ணி போசியைக் குடுக்க மாட்டேன்னு ஒரே ரகளை. நான் போய்ச் சத்தம் போட்டு வாங்கிக் குடுத்தேன்.

நான் எதுக்கு அந்த மெஷினுக்குப் பரிஞ்சு பேசுனேன்னு எனக்கே தெரியலை.

ஏப்ரல் 2, புதன்

மாவு அரைச்சோம். அதாவது அவரு அரைச்சாரு. நான் உக்காந்து உப்பு சொன்னேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கிண்ணத்துல தண்ணி விட்டுப் பாத்தது போதும், படத்துல மருந்து எப்படிப் பரவுதுன்னு பாக்கோணும்னாரு டாக்டர். மனுசனுக்கு ஏத்தறதுக்கு முன்னால எதுக்காச்சும் ஏத்திப் பாக்கோணுமில்ல. தர்பூசணி வாங்கியாந்தாங்க, மருந்து போற வழியில எல்லாம் ஒழுகுது. எளநீல ஓட்டை போட்டாங்க, அதுல ஓடும் தண்ணியுந்தான். எனக்குப் பொறுக்கலை. "வெள்ளைப் பூசணி வாங்கியாங்க. தோல் கெட்டி, உள்ள சதை, நடுவுல விதையும் தண்ணியும்"னு சொன்னேன்.

பூசணி ஸ்கேன் ரொம்ப அழகுங்க. நாள் பூரா கட்டியும் கல்லும் பாத்த கண்ணுக்கு அந்தப் படம் கோலம் போட்டாப்ல இருந்துச்சு. மெஷின் மருந்தைத் தள்ளத் தள்ள விதை ஒவ்வொண்ணும் பளிச்சுன்னு வெளிச்சமாகுது. ஷமீனா ஓடியாந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா.

டாக்டர் அதுக்கு ரிப்போர்ட்டே எழுதிட்டாரு. பேர்: பூசணி. ஊர்: உக்கடம் மார்க்கெட். ஈரல்: காணப்படவில்லை. விதைகள்: இயல்பு. ஆலோசனை: மோர்க்குழம்பு.

மருந்து ஏத்துனதைத் திங்கக்கூடாதுன்னு குப்பையில போட்டுட்டாங்க. எனக்கு மனசே இல்ல.

மே 6, செவ்வாய்

எங்கூட்டுக்காரர் வாசக்கதவுல இருந்த உருண்டைக் கைப்பிடியைக் கழட்டிட்டு, கீழே அமுக்கற மாதிரி நீளமா ஒண்ணு மாட்டிட்டாரு. பழசு துருப்புடிச்சிருச்சாம். போன தீபாவளிக்குத்தான் மாத்துனது. துருவாம் துரு.

மே 21, புதன்

இன்னிக்கு அந்தப் புள்ளைகிட்டச் சண்டை போட்டுட்டேன்.

மெஷின் ஓடறப்ப நரம்பு வீங்குச்சுன்னா உடனே நிறுத்தோணும். அதுக்கு உள்ள நிக்கற ஆள் கையில ஒரு பட்டன் இருக்கோணும். வயர் இல்லாம காத்துல வேலை செய்யற ரப்பர் பட்டன். ஷமீனா செஞ்சு கொண்டாந்தது பட்டனா அது? வாழைப்பூ வடை அளவு இருக்குது. "இத்தனை பெருசு எதுக்கு அம்மிணி, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா"ன்னு கேட்டேன்.

"வெரல்ல அமுக்க வேண்டாங்க சிஸ்டர். உள்ளங்கையை வெச்சாப் போதும்."

"ஏன், எனக்கு வெரல் இல்லையா?"

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் குழாயைச் சுருட்டறா. எனக்கு மளார்னு கோவம் வந்துருச்சு. சின்னப் பட்டனாச் செஞ்சு கொண்டா, இல்லீன்னா இந்தப் பக்கமே வராதேன்னு சொல்லிட்டேன். "சரிங்க சிஸ்டர்"னுட்டுப் போயிட்டா.

அவ போனப்பறம் மேசை மேல அந்த வடைப் பட்டன் கெடந்துச்சு. உள்ளங்கையை வெச்சுப் பாத்தேன். நோகவே இல்ல. பூ மேல கை வெச்சாப்ல இருந்துச்சு.

மே 22, வியாழன்

"பெரிய பட்டனே இருக்கட்டும்"னு சொல்லிட்டேன். கையுறை போட்ட கைக்குச் சின்னது வழுக்கும், அதனாலதான். ஷமீனாவுக்கு வூட்டுலயிருந்து கம்பு பணியாரம் கொண்டுபோய்க் குடுத்தேன். எல்லாத்தையும் தின்னுட்டா.

ஜூன் 15, ஞாயிறு

நாளைக்குப் பெரிய நாள். ஆஸ்பத்திரிக் குழு வந்து பாக்கப் போகுது. தலைவி டாக்டர் மனோன்மணி. அந்தம்மா சிரிச்சு யாரும் பாத்ததில்ல. மெஷின் பூசணிக்குச் சரியா மருந்து ஏத்துச்சுன்னா மனுசங்களுக்கு ஏத்தலாமான்னு யோசிப்பாங்க. ஏத்தலைன்னா ஷமீனா மூட்டையைக் கட்டோணும். எனக்கும் பழையபடி சிரிஞ்சுதான்.

ஆரம்பத்துல அதுதான் வேணும்னு இருந்தேன். இப்ப அப்படி இல்ல. அந்த மெஷின் பாஸ் ஆகோணும். ஆகலைன்னா என் கை எத்தனை நாளைக்குன்னு

பேனா நின்னு போச்சு.

அவரை மார்க்கெட்டுக்கு அனுப்பி ரெண்டு பூசணி வாங்கியாரச் சொன்னேன். ஒண்ணு ஸ்கேனுக்கு. இன்னொண்ணு திருஷ்டி சுத்திப் போட. புது மோட்டார் ஓட்டுனாலே சுத்திப் போடற ஊரு இது, இந்த மெஷினுக்குப் போடாம இருக்க முடியுமா? தலையில வட்டமா வெட்டி, குங்குமத்தைக் கரைச்சு ஊத்தி, சில்லறையைப் போட்டு, வெட்டுன மூடியைத் திரும்ப வெச்சு அழுத்திட்டேன். வெட்டுனதே தெரியாது. நர்ஸ் கை வேலையாச்சே. குழு போனதும் வாசல்ல சுத்தி ஒடைக்கோணும்.

ஜூன் 16, திங்கள்

நான் எங்க போய் மூஞ்சியை வெச்சுக்குவேன்.

நடந்ததை நடந்தபடி எழுதறேன். காலையில பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ரெண்டு பூசணியையும் ஒரே சாக்குப் பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். குழு வந்துருச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் மனோன்மணியும் இன்னும் மூணு பேரும் உக்காந்திருக்கறாங்க. இந்தப் பக்கம் எங்க எல்லார்கிட்டயும் வாட்ச், சாவி, தோடு, கொண்டை ஊசி எல்லாத்தையும் கழட்டி வாங்கி, இரும்பு இருந்தா கத்தற கருவியைத் தலையிலயிருந்து கால் வரைக்கும் தடவிப் பாத்துத்தான் உள்ள விட்டாங்க. பையிலயிருந்து ஒரு பூசணியை எடுத்துக் குடுத்தேன். ஷமீனா அது பக்கவாட்டுல ஊசிக் குழாயைச் செருகுனா. நான் அதைக் கொழந்தையாட்டம் ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு உள்ள போனேன். எங்களைத் தடவிப் பாத்தவங்க ஒருத்தரும் பூசணியைத் தடவிப் பாக்கலை.

ஸ்கேன் மெத்தைகிட்டப் போகறப்பப் பூசணி இழுக்குது. நான் ஒரு எட்டு வெச்சா அது ரெண்டு எட்டு வெக்குது. என்னடா கெரகம்னு நான் இறுக்கிப் புடிக்கறேன், கை கேக்கலை. வழுக்கி மெத்தை மேல விழுந்து, தானா உருண்டு, குகை வாசல்ல போய் முட்டி நின்னுச்சு. அப்பத்தான் மூடி தெறிச்சுது. உள்ள இருந்த காசு பூரா டங்கு டங்குன்னு பறந்து போய் ஸ்கேன் மெஷின் விளிம்புல வரிசையா ஒட்டிக்கிச்சு. குங்குமத் தண்ணி வெள்ளை மெத்தை மேல ஆறா ஓடுது.

மைக்குல டாக்டர் மனோன்மணி குரல். "சிஸ்டர், அது ரத்தமா?"

"இல்லீங்க டாக்டர். குங்குமம்."

அந்தம்மா பைலை மூடுனாங்க. "நாளைக்கு என்னை வந்து பாருங்க"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

டாக்டர் சுதர்சன் ஒவ்வொரு காசாப் பிடுங்கி எடுத்தாரு. ஸ்கேன் மெஷினுக்கு ஒரு கீறல் இல்ல. யாருக்கும் அடி படலை, அது என் குலதெய்வத்துப் புண்ணியம். அந்த எடத்துல ஒரு பேஷன்ட் படுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நான் மூலையில நின்னு அழுதேன். ஷமீனாவோட மாசக்கணக்கான உழைப்பைச் சில்லறையைப் போட்டுக் கெடுத்துட்டேனே. அவளும் கண்ணைத் தொடச்சுக்கிட்டு நிக்கறா. கிட்டப் போய்ப் பாத்தா சிரிப்பை அடக்க முடியாம நிக்கறா. "இனி என் மெஷினுக்கு நீங்க ஒண்ணும் வேண்டிக்காதீங்க சிஸ்டர். அந்த வேலையை எங்கத்தா பாத்துக்கட்டும்"ங்கறா.

அவ சிரிக்கறா. எனக்கு ஸ்டோர் ரூம் பஞ்சு மூட்டை கண்ணு முன்னால வருது.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் மனோன்மணி ரூமுக்குப் போனேன். உக்காரச் சொல்லலை.

"காசு எதுக்குப் போட்டீங்க?"

"கண்ணு பட்டுரக்கூடாதுன்னுங்க டாக்டர்."

"யாரு கண்ணு?"

வாயில வந்துருச்சு. "உங்க கண்ணுதானுங்க."

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. தோள் குலுங்குது. திரும்பறப்ப மொகம் பழையபடி கல்லாட்டம் இருந்துச்சு. "இனி உள்ளே போற எந்தப் பொருளா இருந்தாலும் சோதிக்கணும். எழுதி ஒட்டுங்க. நாளைக்கு மறுபடி வர்றோம். இன்னொரு பூசணி இருக்குதுல்ல?"

"இருக்குதுங்க டாக்டர்."

"அதுல ஒண்ணும் இல்லையே?"

"விதை மட்டுந்தானுங்க."

ஸ்கேன் ரூம் கதவுல இப்ப ஒரு அறிவிப்பு தொங்குது: நகை, சாவி, கைப்பேசி, காய்கறி உட்பட அனைத்தும் சோதிக்கப்படும். போற வர்றவங்க எல்லாம் நின்னு படிச்சுட்டு என்னைப் பாக்கறாங்க.

ஜூன் 18, புதன்

பாஸ். ஒரே வெசையா, கோடு போட்டாப்ல ஏத்துச்சு. ஷமீனா காட்டுன அந்தக் கம்ப்யூட்டர் கோடு ஸ்கேல் வெச்சு இழுத்தாப்ல நேரா இருந்துச்சு. என் கோடு ஞாபகம் வந்துச்சு. பரவாயில்ல.

பூசணி ஒண்ணு வீணாகக்கூடாதேன்னு, ஏத்துனதெல்லாம் வெறும் உப்புத் தண்ணிதானான்னு கேட்டேன். மருந்தும் சேந்துருக்குதாம். அதையும் குப்பையில போட்டாங்க. இந்த மெஷினால எங்கூட்டுல இதுவரைக்கும் ஒரு மோர்க்குழம்பு வெக்க முடியலை.

ஜூலை 24, வியாழன்

அனுமதிக் கடிதம் வந்துருச்சு. மனுசங்களுக்கு ஏத்தலாம். ஆனா ஒரு நிபந்தனை. ஆரம்பத்துல வர்ற பேஷன்ட்டுகளுக்கு, மருந்து ஏறி முடியற வரைக்கும் ஒரு நர்ஸ் உள்ள பக்கத்துலயே நின்னு நரம்பைப் பாத்துக்கோணும். நிறுத்தற பட்டன் அவங்க கையில இருக்கோணும்.

யாரு நிப்பாங்கன்னு கடிதத்துல இல்ல. புதுசா வந்த சின்ன நர்ஸுக மூணு பேரு இருக்கறாங்க. நல்ல கை. நான் கேக்கவும் இல்ல. கேட்டா, "உங்க கை எப்படிங்க சிஸ்டர்"னு திருப்பிக் கேட்டுட்டா என்ன பண்றது?

ஜூலை 25, வெள்ளி

டியூட்டிச் சீட்டு ஒட்டியிருக்குது. ஸ்கேன் ரூம், உள்ளே: வசந்தாமணி. டாக்டர் சுதர்சன் எழுத்து. அதையே நின்னு பாத்துட்டு இருந்தேன். அப்பறம் யாரும் பாக்கலைன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒருக்காத் தொட்டுப் பாத்துட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்னிக்குத்தான் முதல் ஆளுக்கு ஏத்துனோம். எல்லாத்தையும் எழுதோணும், வெரல் நொந்தாலும் சரி.

பேஷன்ட் பேரு நாகமணி. முப்பது வயசு இருக்கும், சிங்காநல்லூர்ல ஆட்டோ ஓட்டற பொண்ணு. ஈரல்ல ஒரு புள்ளி, அது என்னன்னு பாக்கோணும். ரோட்டுல லாரிக்காரனையே ஓரங்கட்டச் சொல்ற ஆளு, ஆனா அந்தக் குகையைப் பாத்ததும் மொகம் வெளுத்துப் போச்சு. "அக்கா, உள்ள போனா வெளிய வருவனுங்களா?" "வராம எங்க போவே, உன்ற ஆட்டோவை நோ பார்க்கிங்ல வேற நிறுத்தியிருக்கறே"ன்னு சொன்னேன். சிரிச்சா. ஆனா கை ஜில்லுன்னு இருக்குது.

நரம்புல ஊசி போட்டேன். ஒரே குத்துல ஏறிருச்சு, அதுல நான் இன்னும் கெட்டிதான். குழாயை மாட்டுனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் சுதர்சன், ஷமீனா, எல்லாருக்கும் பின்னால டாக்டர் மனோன்மணி. நாகமணியை உள்ள தள்ளுனோம். என் இடது உள்ளங்கை பட்டன் மேல. வலது கை சும்மா இருக்குது.

இத்தனை வருஷத்துல அந்த ரூமுக்குள்ள என் வலது கை சும்மா இருந்ததே இல்ல. சிரிஞ்சு, இல்லீன்னா குழாய், இல்லீன்னா பஞ்சு. எத்தனையோ பேரு உள்ள படுத்துக்கிட்டு, சிஸ்டர் இருக்கறீங்களா, சிஸ்டர் இருக்கறீங்களான்னு கேட்டிருக்கறாங்க. இருக்கறேன்னு வாயில சொல்லியிருக்கறேன், அவ்வளவுதான். நாகமணியும் கேட்டா. நான் கையை நீட்டி அவ கையைப் புடிச்சுக்கிட்டேன். தண்ணியில முழுகறவளாட்டம் கெட்டியாப் புடிச்சா.

ஷமீனா பட்டனைத் தட்டுனா. குழாய்ல மருந்து நகர்றது தெரியுது. விக்கலை, நிக்கலை, என்ன வெசை சொன்னாங்களோ அதே வெசை. கையில ஜில்லுன்னு ஏறுனதும் நாகமணி பயந்து இன்னும் இறுக்கிட்டா. மூச்சைப் புடிங்கன்னு டாக்டர் சொல்றாரு, அவ மூச்சையும் புடிக்கறா, என் கட்டைவெரலையும் சேத்து நசுக்கறா. எனக்கு உச்சந்தலை வரைக்கும் நொந்துச்சு. படம் எடுக்கறப்ப ஆடக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ஸ்கேன் மெஷின் கடகடன்னு ஓடி ஓஞ்சுது. மூச்சை விடலாம்னு சொன்னாங்க.

என்னால அதுக்கு மேல முடியலை. குகைக்குள்ள குனிஞ்சு, மெதுவாத்தான் சொன்னேன். "கண்ணு, கொஞ்சம் லேசாப் புடி சாமி. அந்தக் கட்டைவெரல் நோவுது. ரெண்டு வருஷமாவே நோவுது. ராத்திரியில தூக்கமே இல்ல. ஒரு மூடி தொறக்க முடியறதில்ல, சிரிஞ்சு தள்ள முடியறதில்ல. யார்கிட்டயும் சொல்லலை."

ரூம்ல இருக்கற ஸ்பீக்கர் கொரகொரன்னுச்சு. டாக்டர் சுதர்சன் குரல். "சிஸ்டர், மைக் ஆன்ல இருக்குது."

கண்ணாடிப் பக்கம் திரும்பவே தைரியம் வரலை. மனோன்மணி அம்மாவும் கேட்டிருப்பாங்க. எல்லாம் போச்சு, ஸ்டோர்தான்னு நெனச்சேன்.

"எங்களுக்குத் தெரியுமுங்க சிஸ்டர்"னாரு டாக்டர். "எப்பவோ தெரியும். உங்களை இந்த ரூமை விட்டு அனுப்ப எனக்கு மனசில்ல. இல்லீன்னா நான் எதுக்கு உக்கடம் போய் இந்தப் புள்ளையைத் தேடிக் கூட்டிட்டு வர்றேன்?"

பின்னால ஷமீனா என்னமோ சொல்லிச் சிரிக்கறா. அதுக்கும் பின்னால மனோன்மணி அம்மா குரல் தெளிவாக் கேட்டுச்சு. "இன்னும் ரெண்டு படம் பாக்கி இருக்கு. பேசினது போதும்."

எனக்குக் கண்ணுல தண்ணி நிக்காம வருது. தொடைக்கறதுக்கும் கை இல்ல. ஒண்ணு பட்டன்ல, ஒண்ணு அவ கிட்ட.

உள்ளயிருந்து நாகமணி கேக்கறா. "அக்கா, நோவுதுன்னா நான் கையை விட்டுரட்டுங்களா?"

"விடாதே கண்ணு. இரு"ன்னு சொல்லி, வலது உள்ளங்கையைப் பட்டன் மேல வெச்சுட்டு, இடது கையை அவளுக்குக் குடுத்தேன்.